வாரப் பங்குப் பெட்டியில் வரும் காய்கறியும் கைவினை உணவும்: அடுத்த பருவத்துக்கும் சேரலாமா?

நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். பருவம் தொடங்கும் முன்பே முழுத் தொகையையும் கட்டிப் பண்ணைப் பங்கு எடுத்தும், வாரந்தோறும் வரும் பெட்டியில் ஒரே காய் திரும்பத் திரும்ப வருகிறது. வருகிற கீரையில் பாதி வாடி வீணாகிறது. கூடுதல் தொகைக்கு உடன் வரும் புளித்தமாவு ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, தேன் ஆகியவை அந்த விலைக்குத் தகுமா என்ற ஐயம் தீரவில்லை. அடுத்த பருவத்துக்கும் சேரலாமா என்பது உங்கள் கேள்வி. வாரத்தில் ஒரு நாள், பெட்டி வீட்டுக்கு வந்தவுடன் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்க உங்களால் முடியுமானால், தயங்காமல் சேருங்கள் என்பேன். முடியாதென்றால், எவ்வளவு நல்ல பண்ணையாக இருந்தாலும் உங்களுக்கு மனக்குறைதான் மிஞ்சும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில், நீங்கள் எதற்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். பங்குதாரர் கட்டும் முன்பணம் விதைக்கும் நாற்றுக்கும் கூலிக்கும் பருவத்தின் தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. அதற்கு ஈடாக, விளைவதில் ஒரு பங்கு வாரந்தோறும் அவருக்கு வருகிறது. விளைச்சல் மிகுந்தால் பெட்டி நிறையும். ஆலங்கட்டி மழையோ பூச்சியோ ஒரு பயிரை அழித்தால் அந்தக் காய் அந்த ஆண்டு வராது. ஜப்பானில் பூச்சிக்கொல்லிகளைப் பற்றிக் கவலைகொண்ட குடும்பத் தலைவிகளும் உழவர்களும் நேரடியாகக் கைகோத்து உருவாக்கிய ‘தெய்கெய்’ முறை இந்த ஏற்பாட்டின் முன்னோடிகளில் ஒன்று. அந்த நாட்டின் இயற்கை வேளாண்மைச் சங்கம் 1971-இல் தொடங்கப்பட்டது. 1978-இல் அது வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, பண்ணை அனுப்பும் விளைபொருள் முழுவதையும் நுகர்வோர் ஏற்றுக்கொண்டு, தம் உணவை இயன்றவரை அதைச் சார்ந்தே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதாகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இருந்த இரண்டு பண்ணைகள் 1986-இல் இதே போன்ற பங்கு முறையைத் தொடங்கின. பிரான்சில் 2001 முதல் இது வேறொரு பெயரில் பரவியது. நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும், வயலில் என்ன இருக்கிறதோ அதற்கேற்பச் சமையலறை அமைய வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. கடையில் வாங்கும் பழக்கத்தோடு பெட்டியைத் திறப்பவர்களுக்கு இதுதான் முதலில் இடிக்கிறது.

ஒரே காய் ஏன் பல வாரம் தொடர்கிறது என்பதற்குச் செடியின் இயல்பே காரணம். முள்ளங்கி விதைத்த நான்கு வாரங்களில் பிடுங்கும் அளவுக்கு வந்துவிடும். ஒருமுறை பிடுங்கினால் அந்தப் பாத்தி முடிந்தது. பூசணி இனத்து இளங்காயான சுக்கினியும், வெள்ளரியும் பீன்ஸும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் இளங்காய்களைப் பறிக்கப் பறிக்கச் செடி மேலும் பூக்கும். ஒரு காயை முற்றி விதையாக விட்டுவிட்டால், விதையை உருவாக்கும் வேலையில் செடியின் ஆற்றல் திரும்பி, புதிய பூக்கள் குறைந்துவிடும். ஆகவே உழவர் கோடை உச்சத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சுக்கினியைப் பறித்தே ஆக வேண்டும். பறித்ததை யாராவது உண்டே ஆக வேண்டும். உங்கள் பெட்டியில் வாரந்தோறும் அது இருப்பது அந்தக் கட்டாயத்தால்தான்; அலட்சியத்தால் அன்று.

இதற்கு எதிர்முனையில் இருப்பவை லெட்டூஸும் பாலக்கும். இளவேனிலின் குளிர்ந்த நாட்களில் அவை இனிமையாக இருக்கும். பகல் நீண்டு வெப்பம் ஏறியதும் நடுத்தண்டு உயர்ந்து பூக்கத் தொடங்கும். லெட்டூஸின் இலை கசக்கும், பாலக்கின் இலை சிறுத்து முரடாகும். அதனால் கோடையின் நடுவில் பெட்டியிலிருந்து இலைகள் மறைந்து, கனிக்காய்கள் நிறைகின்றன. இலையுதிர் காலத்தில் இலைகள் மீண்டும் வருகின்றன. அவற்றுடன் கேரட்டும், முட்டைக்கோஸ் இனத்துக் கீரையான கேலும், முட்டைக்கோஸும் வரும். பனி விழுந்த பிறகு பறித்த கேலையும், மண்ணில் இருந்தபடியே குளிரைத் தாங்கிய கேரட்டையும் ஒருமுறை தனியாகச் சுவைத்துப் பாருங்கள். குளிரில் செல்கள் உறைந்து சிதையாமல் இருக்க, இச்செடிகள் தம்மிடம் உள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. அந்த இனிப்பை வேறு எந்த மாதமும் தராது. பருவத்தில் உண்பதன் பயனை ஒரே ஒரு காயைக் கொண்டு காட்டச் சொன்னால், நான் பனிக்குப் பிந்தைய கேரட்டையே எடுத்துக் காட்டுவேன்.

இனி, வீணாகும் கீரைக்கு வருவோம். பறித்த காய்கறி உயிரோடுதான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையை எரிக்கிறது, நீரை இழக்கிறது. எந்த உறுப்பு எவ்வளவு வேகமாக வளர்ந்துகொண்டிருந்ததோ, பறித்த பின்னும் ஏறக்குறைய அதே வேகத்தில் சுவாசிக்கிறது. வளரும் இலை, மலராத புரோக்கோலி மொட்டு, பச்சைப் பட்டாணி, இனிப்புச் சோளம் ஆகியவை மிக வேகமாகத் தேய்வதும், ஓய்வுக்காகவே உருவான வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாதக்கணக்கில் நிற்பதும் இதனால்தான். பட்டாணியிலும் சோளத்திலும் சர்க்கரை மணிக்கு மணி மாவுச்சத்தாக மாறுகிறது. பெட்டி வந்த அன்றே அவற்றைச் சமைப்பவருக்கே அவற்றின் உண்மையான சுவை கிடைக்கும்.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தழையைக் கிழங்கிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டிப் பிரிப்பது. தழையோடு அப்படியே வைத்தால், இலைகள் தொடர்ந்து நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அந்த நீர் கிழங்கிலிருந்துதான் போகிறது. இரண்டே நாளில் முள்ளங்கி பஞ்சுபோல் ஆவதையும், கேரட் வளைத்தால் ஒடியாமல் வளைவதையும் பார்க்கலாம். பிரித்த கிழங்கு ஈரம் காக்கும் பையில் பல வாரம் மொறுமொறுப்பாக நிற்கும். பிரித்த தழையை எறிய வேண்டாம். பீட்ரூட்டின் இலையும் இளம் முள்ளங்கியின் இலையும் நல்ல கீரைகள், அவற்றை முதல் இரண்டு நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை கீரைகளுக்குரியது. அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் நிரப்பி, இலைகளைக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். வாடிய இலை என்பது பெரும்பாலும் நீர் இழந்த இலைதான். செல்களுக்குள் நீர் திரும்ப ஏறியதும் நரம்புகள் விறைத்து இலை நிமிர்ந்துவிடும். மண் அடியில் படிந்த பிறகு இலைகளை மேலாக அள்ளி எடுத்து, ஈரம் சொட்டாதபடி நன்றாக உதறி உலர்த்தி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் சேருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இலைக்கு வேண்டியது ஈரமான காற்று, அதன் மேல் நிற்கும் நீர் அன்று. நீர் நின்றால் அழுகல் தொடங்கும். காற்று வறண்டால் வாடும். துணி இந்த இரண்டையும் சமன்செய்கிறது. இவ்வளவு செய்தால், நீங்கள் மூன்று நாளில் இழக்கும் லெட்டூஸ் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

எல்லாவற்றையும் குளிரில் வைப்பதும் தவறு. தக்காளி, கத்தரி, வெள்ளரி, பீன்ஸ், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் ஆகியவை வெப்பநாட்டுப் பூர்வீகம் உள்ளவை. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் அவற்றின் திசுக்கள் சேதமடைகின்றன. வெள்ளரியில் நீர்கோத்த குழிகளும் பேசிலில் கருமையும் தோன்றும். தக்காளியில் மணத்தை உருவாக்கும் வேலையே நின்றுபோகும். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழாக வைத்து அறையிலேயே பழுக்க விடுங்கள். முழுதாகப் பழுத்து, இனி நிற்காது என்ற நிலையில் மட்டும் ஓரிரு நாள் குளிரில் வைக்கலாம். உருளைக்கிழங்கு இருட்டிலும் மிதமான குளிர்ச்சியிலும் இருக்க வேண்டும்: வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசப்பான நச்சுப்பொருள் சேரும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, பொரிக்கும்போது கருகும். பூசணி வகைகளையும் சர்க்கரைவள்ளியையும் உலர்ந்த இடத்தில் 10 முதல் 15 டிகிரிக்குள் வைத்தால் குளிர்காலம் முழுவதும் நிற்கும். ஆப்பிளும் பழுத்த தக்காளியும், காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வெளியிடுபவை. அவற்றின் அருகில் வைத்த கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஆகவே பழங்களைத் தனியே வையுங்கள்.

இப்படிப் பிரித்து வைத்த பிறகு, உண்ணும் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. முதல் இரண்டு நாட்களில் இலைகளும் பட்டாணியும் சோளமும்; வார நடுவில் பீன்ஸ், புரோக்கோலி, சுக்கினி, தக்காளி; வார இறுதியில் முட்டைக்கோஸும் கிழங்குகளும். என்ன சமைக்கலாம் என்று முதலில் முடிவுசெய்து பிறகு காயைத் தேடுவதற்குப் பதிலாக, எது முதலில் கெடும் என்று பார்த்து அதற்கேற்பச் சமையலைத் தீர்மானிப்பதே பங்குதாரரின் முறை. இரண்டு மூன்று வாரங்களில் இது பழகிவிடும்.

உபரியைக் காப்பதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஃபிரீசர். பீன்ஸ், பட்டாணி, கீரை ஆகியவற்றைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி, உடனே பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, நீரை வடித்து உறையவைக்க வேண்டும். கொதிநீரில் முக்கும் படியைத் தவிர்த்தால், உறைந்த நிலையிலும் மெல்ல வேலைசெய்யும் நொதிகள் நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். தக்காளிக்கு அது தேவையில்லை. முழுதாக உறையவைத்து, உருகியதும் தோலை உரித்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸ் மிகுந்தால், மெல்லியதாகச் சீவி அதன் எடையில் சுமார் 2 சதவீதம் உப்புச் சேர்த்துப் பிசைந்து, ஊறிவரும் சாற்றுக்குள் முழுதும் மூழ்கும்படி அழுத்திப் புளிக்கவைக்கலாம். இலையிலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சில வாரங்களில் அதைக் கெடாத உணவாக மாற்றிவிடும். எடையை அளக்காமல் கண்மதிப்பாக உப்பிடுவதை நான் ஏற்பதில்லை. உப்பு குறைந்தால் அழுகும், மிகுந்தால் புளிப்பேறாது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பீன்ஸ், கேரட், பீட்ரூட், சோளம் போன்ற புளிப்பில்லாத காய்களைப் புட்டியில் அடைத்து வெறும் கொதிநீரில் வைத்துப் பாதுகாக்க முயலாதீர்கள். பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும், மண்ணில் இருக்கும் கிருமியின் விதைத்துகள்கள் 100 டிகிரியில் சாவதில்லை. காற்றில்லாத புட்டிக்குள் அவை முளைத்து உயிர்க்கொல்லி நச்சை உருவாக்கக்கூடும். இதற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக்கலமும் சோதிக்கப்பட்ட செய்முறையும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

கைவினை உணவுகளைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். இவை காய்கறியோடு ஒட்டாத ஆடம்பரச் சேர்க்கை என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில் இவையும் பருவத்தின் விளைச்சலே. சில மாதங்களுக்கு நிற்கும் வடிவத்தில் வருகின்றன, அவ்வளவுதான். பாலாடைக்கட்டி என்பது புல் செழித்த மாதங்களின் பாலைப் பிந்தைய மாதங்களுக்குக் கொண்டுசெல்லும் வழி. ஒரு கிலோ கெட்டிப் பாலாடைக்கட்டிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பசும்பால் வேண்டும் என்பதிலிருந்தே அதன் விலையில் பெரும்பகுதி விளங்கிவிடும். பசு பச்சைப்புல் மேயும் காலத்துப் பாலில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி மிகுவதால் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மஞ்சள் ஏறியிருக்கும். உலர்தீவனம் உண்ணும் மாதங்களில் வெளிறியிருக்கும். ஆடு அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் ஆட்டுப்பால் கட்டி எப்போதும் வெண்மைதான். ஆண்டு முழுவதும் நிறமும் சுவையும் இம்மியும் மாறாத பசும்பால் கட்டியைவிட, மாதத்துக்கு மாதம் மாறுவதையே நான் நம்பி வாங்குவேன். அதை இறுக்கமான பிளாஸ்டிக்கில் சுற்றாமல், மெழுகுத்தாளில் சுற்றித் தளர்வான டப்பாவில் வையுங்கள். காய்ச்சாத பாலில் செய்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டம் அத்தகைய கட்டியைக் குறைந்தது 60 நாள் முதிரவைத்த பிறகே விற்க அனுமதிக்கிறது. கருவுற்றவர்கள் காய்ச்சாத பாலில் செய்த மென்கட்டிகளைத் தவிர்க்க வேண்டும்.

முட்டைக்கும் பருவம் உண்டு. கோழியின் முட்டையிடுதல் பகல் வெளிச்சத்தின் நீளத்தைச் சார்ந்தது. வெளிச்சம் நாளுக்குச் சுமார் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் முட்டையும் குறையும். செயற்கை விளக்குப் போடாத பண்ணையிலிருந்து குளிர்காலத்தில் உங்களுக்கு முட்டை குறைவாக வருவது இதனால்தான். மஞ்சள்கருவின் ஆழ்ந்த நிறத்தை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவுசெய்ய வேண்டாம். அந்த நிறம் தீவனத்தில் உள்ள நிறமிகளிலிருந்து வருவது, அவற்றைப் பையில் வாங்கித் தீவனத்தில் கலந்தும் அதைக் கொண்டுவர முடியும். கழுவாத முட்டையின் ஓட்டின் மேல் இயற்கையான மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உடைப்பதற்குச் சற்று முன் கழுவினால் போதும். கழுவப்பட்டு வந்த முட்டை என்றால் தொடர்ந்து குளிரிலேயே இருக்க வேண்டும்.

ரொட்டியைப் பொறுத்தவரை, மாவு, நீர், உப்பு, புளித்தமாவு ஆகியவற்றைத் தவிர வேறென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பல மணி நேரம் மெல்லப் புளிக்கவிட்ட மாவில் உருவாகும் அமிலங்கள் சுவையைத் தருவதோடு பூஞ்சை பிடிப்பதையும் தள்ளிப்போடுகின்றன. கைவினை என்ற சொல் பல நாடுகளில் யாரும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய சொல்லாகத்தான் இருக்கிறது. பிரான்சில் 1998-இல் வந்த சட்டம், மாவைப் பிசைவது முதல் சுடுவது வரை விற்குமிடத்திலேயே தாமே செய்பவர்கள் மட்டுமே தம் கடையை ரொட்டிக்கடை என்று அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. இத்தகைய காப்பு இல்லாத இடத்தில், யார் செய்தார், எப்போது செய்தார், மாவு எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளே உங்களுக்குக் காப்பு. ரொட்டியை ஒருபோதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். மாவுச்சத்து மீண்டும் படிகமாகி ரொட்டி கெட்டிப்படுவது அந்த வெப்பநிலையில்தான் மிக விரைவாக நடக்கிறது. இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு, மீதியைத் துண்டுபோட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது நேரே வாட்டிக்கொள்ளுங்கள்.

தேன் உறைந்து குருணையாகி வந்தால் கலப்படம் என்று அஞ்ச வேண்டியதில்லை. குளுக்கோஸ் மிகுந்த தேன் இயல்பாகவே படிகமாகும். புட்டியை 40 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் கொடுக்கக் கூடாது.

அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டும் முன் பண்ணையாரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பெட்டியில் வருபவை எல்லாம் அதே பண்ணையில் விளைந்தவையா, அல்லது வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கப்படுகின்றனவா? வெளியிலிருந்து வாங்குவது குற்றமன்று. பக்கத்துப் பண்ணையின் பாலும் தேனும் அப்படித்தான் வர முடியும். ஆனால் எது யாருடையது என்று எழுதித் தருபவரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு பயிர் பொய்த்தால் என்ன செய்வார்கள், ஊரில் இல்லாத வாரத்தின் பங்கை வேறொருவருக்கு மாற்ற முடியுமா, பிடிக்காத காயை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும் மாற்றுக்கூடை உண்டா என்பவற்றையும் கேளுங்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு பெரும்பாலும் மிகுதி. அரைப் பங்கு எடுப்பதே சரி. கைவினை உணவுகளில் முட்டையையும் ரொட்டியையும் வாரந்தோறும் வைத்துக்கொண்டு, பாலாடைக்கட்டியை மாதம் ஒருமுறையாகக் குறைக்கலாம். இலையுதிர் காலத்தின் இறுதிப் பெட்டிகளுக்குத் தனியாகக் கட்ட வழியிருந்தால் அவற்றைத் தவறவிடாதீர்கள்: பூசணி, வெங்காயம், உருளை, கேரட், முட்டைக்கோஸ் என்று நெடுநாள் நிற்பவை நிறைந்து வருவதால், கட்டிய தொகைக்கு மிகக் குறைவாக வீணாவது அவற்றில்தான்.